வார்டை விட்டுப் போன பிறகு அவரை யார் கூப்பிடுவது?

கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் வார்டு செவிலியராக இருக்கிறேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டோ, எதையாவது குடித்துவிட்டோ வருகிற பெரியவர்கள் எங்களிடம் வாரத்துக்குப் பல பேர். உயிரைக் காப்பாற்றிவிடுகிறோம். சைக்கியாட்ரி ஒபீனியன் வாங்கி, ஓ.பி.க்கு வரச் சொல்லி அனுப்புகிறோம். பலர் ஓ.பி. பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது வார்டில் 34 வயதுப் பெண் ஒருவர் இருக்கிறார், மூன்றாவது முறை. "இவங்களுக்கு இதே வேலை" என்கிறார்கள். மனநல மருத்துவர் இல்லாத நாளில் என் கையில் உண்மையிலேயே என்ன இருக்கிறது?

பதில்:

நிறைய இருக்கிறது. சில விஷயங்களில் என்னைப் போன்ற மனநல மருத்துவர் கையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அரசு மருத்துவமனைகளிலும், நடுவில் இரண்டு வருடம் இங்கிலாந்தில் ஒரு பொது மருத்துவமனையின் மனநலக் குழுவிலும் இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். வருடம் போகப்போக ஒரு விஷயம் எனக்கு உறுதியாகிவிட்டது. "இவர் மறுபடி செய்வாரா, மாட்டாரா" என்று கணிப்பதில் நாம் நேரத்தைக் கொட்டுகிறோம். வீட்டுக்குப் போன ஏழாம் நாள் அவரை யார் கூப்பிட்டு விசாரிப்பது என்று மட்டும் கேஸ் ஷீட்டில் யாரும் எழுதுவதில்லை. உயிர் காப்பதற்கு எது உதவுகிறது என்று பார்த்தால், நமக்குக் கிடைத்திருக்கிற சான்று பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையின் பக்கம்தான் நிற்கிறது.

தற்கொலை எண்ணம் இருந்ததா இல்லையா என்று பிரிக்காமல், தன்னைத்தானே வருத்திக்கொள்கிற எல்லாவற்றையும் இங்கே தன்காயம் என்றே எழுதுகிறேன். அந்த எண்ணம் பலருக்கு அவர்களுக்கே தெளிவாக இருப்பதில்லை. "அந்த நேரத்துல என்ன பண்றதுன்னே தெரியல" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

கேஷுவாலிட்டியிலிருந்து தொடங்குகிறேன். நோயாளி உள்ளே வந்த முதல் சில நிமிடங்களில் காதில் விழுகிற வார்த்தையை ஆயுசுக்கும் மறப்பதில்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது கையில் தையல் போட ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். மரத்துப்போகிற ஊசி போடாமலே தைக்க ஆரம்பித்தார்கள். அவர் முனகினார். "பண்ணிக்கத் தெரிஞ்சுதுல்ல, இது மட்டும் வலிக்குதா?" என்றது ஒரு குரல். பக்கத்தில் டிரே பிடித்து நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் கட்டு மாற்றக்கூடத் திரும்பி வரவில்லை. அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் பேசாமல் நின்றது மட்டும் இன்றும் உறுத்துகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2004-ல் தன்காயத்துக்கான தன் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டபோது, தையல் போடும்போது போதுமான மரப்பு மருந்தும் வலி மருந்தும் தர வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய நிலைமை அங்கும் இருந்தது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் கண்டதும் அதுவே: பொது மருத்துவமனை ஊழியர்களுக்கு இந்த நோயாளிகள்மேல் எரிச்சல் அதிகம். அதே ஆய்வுகள் இன்னொன்றும் சொல்கின்றன. முறையான பயிற்சி கொடுத்தால் அந்த எரிச்சல் குறைகிறது. வலிக்கு மருந்து, மூடிய திரை, "நீங்க இங்க வந்தது நல்லதாப் போச்சு, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரு வரி. இதற்கு சைக்கியாட்ரிஸ்ட் தேவையில்லை.

"அட்டென்ஷனுக்காகப் பண்றாங்க" என்ற பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் கவனம் கிடைப்பதற்கு உடம்பைக் காயப்படுத்த வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்னென்ன வழியில் கேட்டுப் பார்த்தார், யாரிடம் கேட்டார் என்று விசாரிப்பதுதான் நம் வேலை. நெஞ்சுவலி என்று மூன்றாவது முறை வருகிறவரை "இவருக்கு இதே வேலை" என்று நாம் சொல்வதில்லை. போன முறை கொடுத்த சிகிச்சை போதவில்லை என்று நினைக்கிறோம்.

அடுத்தது போலீஸ் பயம். உங்கள் வார்டில் தினமும் பார்ப்பீர்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி என்றதும் குடும்பம் பதறும். "தெரியாம குடிச்சிட்டாங்க", "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று கதை மாறும். இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போய்விடுவார்கள். இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இப்போது அடிப்படை கிடையாது என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115-வது பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மறுபடி நேராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம் மருத்துவமனைகள் இன்னும் கையில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம். பிறகு 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-வது பிரிவே போய்விட்டது. அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கில் செய்கிற முயற்சி மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக இருக்கிறது. இலங்கை 1998-லேயே தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஏ.ஆர். பதிவு உங்கள் மருத்துவமனை நடைமுறைப்படி நடக்கட்டும். கூடவே, "இது கேஸ் ஆகாதும்மா, ஜெயிலுக்கெல்லாம் யாரும் கூட்டிப் போக மாட்டாங்க. அவங்க சொல்றது எதுவா இருந்தாலும் எங்ககிட்ட உண்மையாச் சொல்லட்டும்" என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். உண்மை வெளியே வராமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

இனி கணிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் துறை நீண்ட காலம் தவறிப்போயிருக்கிறது. என் பங்கும் அதில் உண்டு. ஒரு தாளில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டினால் "லோ ரிஸ்க்", "மீடியம் ரிஸ்க்", "ஹை ரிஸ்க்". பார்க்கச் சீராக இருக்கும், கோப்பில் வைக்கலாம், நாளைக்கு ஏதாவது ஆனால் காட்டலாம். ஆனால் அது வேலை செய்வதில்லை.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வந்த மதிப்பீட்டின்படி, தன்காயத்துக்காக மருத்துவமனைக்கு வருகிற 100 பேரில் சுமார் 16 பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி அதே காரணத்துக்காக வருகிறார்கள். அதே ஒரு வருடத்தில் தற்கொலையால் இறப்பவர்கள் 1.6 சதவீதம். அதாவது 1,000 பேரில் 16 பேர். இப்போது 80 சதவீதம் சரியாகச் சொல்கிற ஒரு கேள்வித்தாள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அவ்வளவு நல்ல தாள் எதுவும் கிடையாது. இருந்தால்கூட அந்த 16 பேரில் 13 பேரை அது "ஹை ரிஸ்க்" என்று பிடிக்கும். மீதி 984 பேரில் ஐந்தில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 197 பேரையும் சேர்த்து "ஹை ரிஸ்க்" என்று சொல்லும். மொத்தம் 210 பேர் சிவப்புப் பட்டியலில். அவர்களில் 197 பேருக்கு அந்தப் பட்டம் பொருந்தாது. மூன்று பேர் "லோ ரிஸ்க்" என்ற முத்திரையோடு, ஒரு உதவியும் இல்லாமல் வீட்டுக்குப் போய் இறந்துபோவார்கள். இவ்வளவு அரிதாக நடக்கிற ஒன்றை முன்கூட்டிச் சொல்ல முயலும் எந்தக் கருவிக்கும் இதே கதிதான்.

இங்கிலாந்தின் ஐந்து மருத்துவமனைகளில் இப்படிப்பட்ட அளவுகோல்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். "மறுபடி நடக்கும் என்று நினைக்கிறீர்களா?" என்று நோயாளியிடமே கேட்பதையும், மருத்துவர் தன் மனதில் தோன்றுவதைச் சொல்வதையும்விட அந்த அளவுகோல்கள் எதுவும் மேலாகச் செய்யவில்லை. மனநலச் சேவையில் இருக்கும்போதே தற்கொலையால் இறந்தவர்களை அங்கே ஒரு தேசிய ஆய்வுக்குழு வருடாவருடம் ஆராய்கிறது. கடைசியாகப் பார்த்த மருத்துவர் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உடனடி ஆபத்து குறைவு என்றே எழுதியிருந்தார். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் 2022 செப்டம்பரில் வந்த புதிய நைஸ் வழிகாட்டுதல் நேரடியாகவே சொல்லிவிட்டது: எதிர்காலத்தைக் கணிப்பதற்கு இந்த அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கவும் பயன்படுத்தாதீர்கள், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம் பிரிக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? அந்த மனிதரின் தேவை என்ன என்று கேட்பது. உடம்பு சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்காமல், பேசக்கூடிய நிலைக்கு வந்ததும் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் பேச வேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். நான் இருந்த குழுவில் என்னைவிட நன்றாகச் செய்தவர் ஒரு சீனியர் நர்ஸ். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஃபைலை மூடி வைத்துவிட்டு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். முதல் கேள்வி எப்போதும் "முந்தா நாள் காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள்" என்பதாக இருக்கும். ஏன் செய்தாய் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏன்" என்று கேட்டால் ஆள் தன்னைக் காத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார். "என்ன நடந்தது" என்று கேட்டால் கதை வரும்.

நம் வார்டில் இதற்கு முதல் தடை தனிமை. சுற்றி ஆறு உறவினர் நிற்கும்போது மாமியார் அடித்ததை, புருஷன் சந்தேகப்பட்டதை, வாங்கிய கடனை யாரும் சொல்ல மாட்டார்கள். "பேஷண்ட்டை எக்ஸ்ரே ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியாவது தனியாகப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொள்ள வேண்டியது: அன்று என்ன நடந்தது, அந்த நேரத்தில் சாக வேண்டும் என்று நினைத்தாரா, எல்லாம் கொஞ்ச நேரம் நின்றால் போதும் என்று நினைத்தாரா, உயிர் பிழைத்ததில் இப்போது என்ன தோன்றுகிறது, முன்னால் நடந்திருக்கிறதா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, குடி யாருக்கு, குழுக் கடனா, கந்துவட்டியா, மொபைல் ஆப்பில் வாங்கியதா, தீராத வலியோ நோயோ உண்டா, தூக்கம் எப்படி, யாரிடம் பேசினால் மனசு லேசாகும். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. "இப்பவும் செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டதும், பதில் சொல்வதற்கு முன்பே பெருமூச்சு விட்ட முகங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். அவர் "ஆமாம்" என்றால், கையில் வழி இருக்கிறது என்றால், அன்று அவரைத் தனியாக விடக் கூடாது; டூட்டி டாக்டருக்கும் மனநல மருத்துவருக்கும் உடனே தகவல் போக வேண்டும்.

வயதானவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அறுபது, எழுபது வயதுக்காரர் சின்னக் காயத்தோடு வந்து "ஒண்ணுமில்ல தம்பி" என்று சிரித்தால் ஏமாந்துவிடாதீர்கள். அந்த வயதில் தன்காயத்துக்குப் பின்னால் சாகும் உறுதி இருப்பதற்கான வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். மனச்சோர்வும் தனிமையும் வெளியே தெரியாது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று குடும்பமும் விட்டுவிடும்.

பேசி முடித்த கையோடு அங்கேயே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. ஒரு தாளில், அவர் வாயால் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுவது. அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டம் இது. மனசு கெட்டுப்போகிறது என்று முதலில் எப்படித் தெரியும், அப்போது தனியாகவே என்ன செய்து கொஞ்ச நேரத்தைக் கடத்தலாம், யார் வீட்டுக்குப் போய் உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த எண்ணுக்குப் போன் செய்யலாம், வீட்டில் ஆபத்தான எதை யார் எடுத்துவைப்பது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் 1,640 பேரை வைத்து ஒப்பிட்டதில், இந்தத் தாளும் அதற்குப் பிறகு சில போன் அழைப்புகளும் பெற்றவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன. அவர்கள் ஓ.பி.க்கு வந்து சேர்வதும் கூடியது. உங்கள் கேள்வியிலேயே அந்தக் குறை இருந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அச்சடித்த படிவம் வேண்டாம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் போதும். நான் பார்த்த ஒரு தாளில் (அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்) ஒரு தறிக்காரர் சொல்லச் சொல்ல எங்கள் செவிலியர் எழுதியது இப்படி இருந்தது: "கை நடுங்கி நூல் அறுந்துகிட்டே இருந்தா சரியில்லைன்னு அர்த்தம். தறியை விட்டு எழுந்து டீக்கடைக்கு நடப்பேன். அங்க செல்வம் இருப்பான். அவன் இல்லன்னா அக்காவுக்குப் போன்." அந்தத் தாளை அவர் பர்ஸில் மடித்து வைத்திருந்தார். "மனதை அமைதிப்படுத்தும் செயல்களில் ஈடுபடவும்" என்று நாம் எழுதிக் கொடுத்திருந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே பறந்திருக்கும்.

எண்கள் எழுதும் இடத்தில்: 14416 டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்), 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க எந்நேரமும், தமிழிலும் உண்டு. தமிழக அரசின் 104. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகா, 044-24640050. வீட்டில் அடி உதை என்றால் 181. இலங்கையில் 1926.

வீட்டிலிருக்கும் ஆபத்தான பொருளைப் பற்றிக் குடும்பத்திடம் பேசுவதை நம் டாக்டர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தத் தீவிரமான உந்துதல் பலருக்கு நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் வேறு வழி தேடிப் போவதில்லை. இலங்கை இதை ஒரு நாடாகவே காட்டியிருக்கிறது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்ததில், 1990-களின் நடுவில் உச்சத்தில் இருந்த அந்த நாட்டின் தற்கொலை விகிதம் இருபது வருடத்தில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. விவசாயம் கெட்டுப்போகவும் இல்லை. நம் பக்கம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில், விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓர் இடத்தில், பேங்க் லாக்கர் மாதிரி பூட்டி வைக்கிற ஏற்பாட்டை சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு செய்து பார்த்தது. கிராமத்து மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் வார்டு அளவில் இதற்கு ஒரு கேள்வி போதும்: "வீட்ல மருந்து மாத்திரை, தோட்டத்து மருந்தெல்லாம் எங்க இருக்கு? ஆறு மாசத்துக்கு வேற யார் வீட்லயாவது வெக்க முடியுமா?" டிஸ்சார்ஜில் நாம் கொடுக்கிற மாத்திரையையும் ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரத்துக்கு வாரம் கொடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் ஐந்து ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது: பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யூன்செங், கொழும்பு, சென்னை. சென்னையில் அதை நடத்தியவர் லட்சுமி விஜயகுமார், 1986-ல் சினேகாவைத் தொடங்கியவர். தற்கொலை முயற்சிக்குப் பின் அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைச் சீட்டுக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச்சு; பிறகு ஒன்றரை வருடத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினோராம் வாரம். அப்புறம் நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதம். விசாரித்தவர்கள் டாக்டர், நர்ஸ், உளவியலாளர் என்று யாராகவும் இருந்தார்கள். ஆழ்ந்த மனநல சிகிச்சை எதுவும் அதில் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா, இன்ன இடத்துக்குப் போங்கள். அவ்வளவே.

பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். ஒன்பது முறை விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008-ல் இந்த முடிவு வெளிவந்தபோது நான் இரண்டு முறை வாசித்தேன், அச்சுப் பிழையோ என்று. இறப்பு குறைந்தாலும் மறுமுயற்சிகளின் எண்ணிக்கை ஐந்து ஊரையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவாகக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நம் சென்னையில், நம் அரசு மருத்துவமனைக்கு வருகிற மாதிரியான நோயாளிகளிடம் செய்து பார்த்த ஒன்று இது. வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க முடியாது. இதைச் செய்து காட்டிய ஊரிலேயே இது ஏன் எல்லா ஜி.ஹெச்.சிலும் வழக்கமாகவில்லை என்ற கேள்விக்கு எனக்கு நல்ல பதில் இல்லை.

அதற்கும் முன்னால், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969-ல் ஒரு எளிய காரியம் தொடங்கினார். மருத்துவமனையை விட்டுப் போய், மேற்கொண்டு சிகிச்சையே வேண்டாம் என்ற 843 பேரில் ஒரு பாதிக்கு ஐந்து வருடத்தில் 24 சிறு கடிதம் போனது. நலமா, எழுத விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரி. எந்த நிபந்தனையும் இல்லை. முதல் இரண்டு வருடம் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலில் ஒரு வருடத்தில் எட்டு அஞ்சலட்டை அனுப்பிப் பார்த்தார்கள். மறுபடி வந்தவர்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தாலும், அவர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்பது ஏறக்குறையப் பாதியானது. எல்லா ஊரிலும் அஞ்சலட்டை இதே பலனைத் தரவில்லை. ஏற்கெனவே உதவி நிறைய கிடைக்கிற இடத்தில் அஞ்சலட்டை பெரிதாகத் தெரியாதோ என்று எனக்குத் தோன்றும். நம் இடம் அப்படிப்பட்டதல்ல.

உங்கள் வார்டில் இதை எப்படித் தொடங்குவது? ஒரு நீள நோட்டு, வார்டுக்கென்று ஒரு போன். டிஸ்சார்ஜ் நாளில் அவரிடமே கேளுங்கள்: எந்த எண்ணில் கூப்பிடலாம், எந்த நேரத்தில், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும். "ஆஸ்பத்திரியிலிருந்து பி.பி. விஷயமா கூப்பிடறோம்" என்று சொல்லச் சொன்னவர்கள் உண்டு. அப்படியே சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். ஒன்பது தேதியையும் அன்றே நோட்டில் குறித்துவிடுங்கள். முடிந்தவரை ஒரே ஆள் கூப்பிடுவது நல்லது. நைட் டூட்டி மாறினால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். எடுக்கவில்லை என்றால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள், பிறகு மாவட்ட மனநலத் திட்டத்துச் சமூகப் பணியாளருக்கோ, அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, நோயாளி முன்பே சம்மதித்திருந்தால் சொல்லலாம். ஒரு அழைப்பு ஐந்து நிமிடம். மாதம் இருபது நோயாளி என்றால்கூட வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரத்தில் முடியும். ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அதிகாரி) இதை எழுத்தில் கேளுங்கள், டூட்டி நேரத்தில் சேர்த்துத் தரச் சொல்லி. உங்கள் சொந்த போனிலிருந்து, சொந்த நேரத்தில் செய்ய ஆரம்பிக்காதீர்கள். அது ஆறு மாதம் தாங்காது, நடுவில் விடுவது நோயாளிக்கு இன்னொரு கைவிடலாகப் போய்விடும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. தன்காயத்தை நிறுத்துவதற்கென்று ஒரு மாத்திரை கிடையாது. மனச்சோர்வு, மனச்சிதைவு, குடிநோய் இருந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும், அது வேறு. எல்லோருக்கும் மனநோய் என்று முடிவு கட்ட வேண்டியதும் இல்லை. நம் வார்டுக்கு வருகிறவர்களில் பலருக்குச் சண்டையும் கடனும் அவமானமும்தான் முன்னால் நிற்கின்றன. தூக்க மாத்திரை எழுதி அனுப்புவது அவற்றுக்குப் பதிலாகாது.

பேச்சு சிகிச்சையில் நல்லவை இருக்கின்றன. நான்கு முதல் பத்து அமர்வு வரை போகிற, சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கிற சிகிச்சையை நைஸ் பரிந்துரைக்கிறது. அடிக்கடி நேர்கிறவர்களுக்கு அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய, கொந்தளிக்கிற உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத்தரும் டி.பி.டி. சிகிச்சை உண்டு, தானும் இளவயதில் இதே துன்பத்தில் மருத்துவமனையில் கிடந்தவள் என்று அவர் 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் மூன்றே அமர்வு கொண்ட ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நோயாளி தன் கதையைத் தானே சொல்ல, அதை வீடியோ எடுத்து, அடுத்த முறை இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். பிறகு இரண்டு வருடம் கடிதத் தொடர்பு. 120 பேரிடம் செய்த ஆய்வில் அந்த இரண்டு வருடத்தில் சிகிச்சை பெற்ற பக்கம் 5 மறுமுயற்சி, மற்றப் பக்கம் 41. ஒரே மருத்துவமனையில் நடந்த சிறிய ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் இங்கேயும் அதே இரண்டு சாமான்கள்தான் இருக்கின்றன, கவனித்தீர்களா: அவர் கதையை அவர் வாயால் கேட்பதும், போன பிறகு தொடர்பை விடாததும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் இறந்துபோவார். என் நோட்டில் அப்படிச் சில பெயர்கள் இருக்கின்றன. அன்று வார்டில் யார் மேல் தப்பு என்ற விசாரணை மட்டும் நடந்தால், அடுத்த வாரமே எல்லோரும் மறுபடி ரிஸ்க் படிவத்துக்குள் ஒளிந்துகொள்வார்கள். அந்த நோயாளியைப் பார்த்த எல்லோரும், ஆயாம்மா உட்பட, ஒரு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் ஏற்பாடு வேண்டும். குழு இல்லாமல் இந்த வேலையை யாரும் நெடுநாள் செய்ய முடியாது.

வார்டில் இருக்கிற அந்த 34 வயதுப் பெண். நாளைக்குக் காலையில் ஊசி போட்ட பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். "மூணாவது தடவை வந்திருக்கீங்க. ரெண்டு தடவையும் நாங்க உடம்பை மட்டும் சரி பண்ணி அனுப்பிட்டோம், வேற எதுவும் கேக்கல. இந்தத் தடவை கேக்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிக்கலாம். அழுவார், அல்லது திரும்பிப் படுத்துக்கொள்வார். திரும்பிப் படுத்தால் சாயங்காலம் மறுபடி போங்கள். பேசினால், போன இரண்டு முறையும் வீட்டுக்குப் போன பிறகு எத்தனையாவது நாளில் மனசு மறுபடி இறங்க ஆரம்பித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொன்ன அட்டவணையில் முதல் அழைப்பு ஏழாம் நாள். அவர் மூன்றாம் நாள் என்றால் நோட்டில் மூன்றாம் நாளையே எழுதுங்கள்.